மூன்றாவது அட்டைக்குக் கீழே

மெஹ்ருன்னிசாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கம்மி. பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய்யில் ஒரு வசதி உண்டு, கேட்கிறவர்கள் சந்தேகப்படவே மாட்டார்கள். 1997 நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று அவள் சொன்ன பொய் இரண்டே வார்த்தைதான்.

"எல்லாம் கூழாயிடுச்சும்மா."

எதிரில் நின்றிருந்த கன்னியம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டாள். டீச்சர் சொல்கிறார், அதுவும் இத்தனை வருஷமாக அறிவியல் பாடம் எடுக்கிற டீச்சர் சொல்கிறார், நம்பாமல் என்ன செய்வாள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பக்கத்தில் நின்ற மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். அந்தத் தள்ளலை மெஹ்ருன்னிசா பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

நடந்ததைச் சொல்வதென்றால் அக்டோபரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் பாறைகளைப் பற்றிய பாடம். புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் அச்சில் மை ஊறி, மலையும் எரிமலையும் ஒன்றுபோலவே தெரிந்தன. பிள்ளைகள் பாட்டுக்குக் கொட்டாவி விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் முழு மலையும் தெரிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மலை எப்படி உண்டானது என்பதற்குக் கொட்டாவி விடுகிறார்களே என்று அவளுக்குக் கோபம். பழைய செய்தித்தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கையால் தள்ளினாள். நடுவில் தாள்கள் மடிந்து எழும்பின.

"இமயமலை இப்படி வந்தது. நம்ம மலை இப்படி வரலை. இது பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல உண்டான பாறை. மேல மூடியிருந்ததெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போச்சு. கரையாம மிஞ்சி நிக்கறதுதான் இது."

கொட்டாவிகள் நின்றன. கடைசி பெஞ்சிலிருந்து கவிநிலா எழுந்து, "நிஜமாவா டீச்சர்?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன்னு நம்பாத. உங்க ஊடு மலையடிவாரத்துலதான இருக்கு? பின்னாடி போய்ப் பாறையத் தொட்டுப் பாரு. கண்ணால பாத்து, கையால தொட்டுப் பாத்து, அப்புறம் நம்பு. யாரு சொன்னாலும் அப்படித்தான்."

இந்த வாக்கியத்தை அவள் வருஷா வருஷம் சொல்வாள். சொல்லும்போது தன்மேல் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைக்குத்தான் பின்னால் சரியான அடி விழுந்தது.

காகிதத்தில் மலை செய்யலாம் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் போட்ட கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொரு கோட்டையும் தினசரி காலண்டர் அட்டைகளில் பெரிதாக்கி வரைந்து, பிள்ளைகள் வெட்டினார்கள். அகலமான அட்டை அடியில், அதைவிடச் சின்னது மேலே என்று ஒன்பது அட்டைகள். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் காலி தீப்பெட்டிகளை ஒட்டி இடைவெளி விட்டார்கள். இடைவெளியில் கசக்கிய காகிதத்தைத் திணித்து, அதற்கு மேல் காகிதக் கூழைப் பூச வேண்டும். தாளை மூன்று நாள் ஊறப்போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி எடுக்கிற கூழ். கூடையும் முறமும் செய்ய ஊரில் பெண்கள் செய்வதுதான். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

தலைமையாசிரியர் கோதண்டராமன் வந்து பார்த்தார். அடுத்த மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர். அதற்குள் பள்ளிக்கூடத்தின் பெயர் ஒரு தடவையாவது பேப்பரில் வந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வருகிற தபால்காரரிடம்கூட அதைச் சொல்லியிருந்தார்.

"இத மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டு போலாம் டீச்சர். நம்ம ஊர்ல நம்ம மலை. யாரு வேணாம்னு சொல்லுவாங்க?"

அன்றிலிருந்து மலையின்மேல் மெஹ்ருன்னிசாவுக்கு வெறி பிடித்தது. பாடத்துக்காக ஆரம்பித்தது பரிசுக்காக என்று எப்போது மாறியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காகிதம் எவ்வளவு போட்டாலும் போதவில்லை.

"ஆளுக்கு ஒரு கிலோ பழைய பேப்பர். கொண்டு வராதவங்க கிளாசுக்கு வெளியில நிக்கலாம்."

எல்லாரும் கொண்டுவந்தார்கள், கவிநிலா மட்டும் கொண்டுவரவில்லை. அவள் அம்மா கன்னியம்மாள் கிரிவலப் பாதையில் வேகவைத்த மல்லாட்டை என்கிற நிலக்கடலை விற்பவள். அவர்கள் வீட்டில் பழைய காகிதம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரு பொட்டலம். அதில் ஒரு கிலோவை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் பௌர்ணமி வியாபாரத்துக்கு என்ன செய்வது? கவிநிலா இரண்டு நாள் வெளியில் நின்றாள். வெயில் இல்லை, மழைதான், சாரல் அடித்தது. மெஹ்ருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் எடுத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் திணிக்கிற வேலை. பிள்ளைகள் வட்டமாகச் சுற்றி நின்று கசக்கிக் கசக்கிக் கொடுத்தார்கள். மெஹ்ருன்னிசா மஞ்சள் பையில் கையை விட்டு எடுத்த தாள்களில் ஒன்று மற்றவற்றைவிட மெல்லியது, நாலாக மடித்தது. பிரித்தாள். சாணித்தாள் நிறம். ஊதா மையில் வட்டமான முத்திரை. 1983 என்று வருஷம். கன்னியம்மாள், க/பெ காசி என்று பெயர்.

என்ன காகிதம் என்று அவளுக்குத் தெரியும். புறம்போக்கில் குடிசை போட்டவர்களுக்கு அரசாங்கம் அபராதம் விதித்து அனுப்பும் காகிதத்துக்கு பி மெமோ என்று பெயர். அந்த அபராதத்தைக் கட்டியதற்கான ரசீது அது. ஆக்கிரமித்தாய் என்று குற்றம் சாட்டுகிற காகிதம்தான். ஆனால் பட்டா கேட்டுப் போகிற அன்று, இத்தனை வருஷமாக இந்த இடத்தில்தான் இருந்தேன் என்பதற்கு அந்தக் குற்றச்சாட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதனால் மலையடிவாரத்துத் தெருக்களில் அதைக் கல்யாணப் புடவைக்கு நடுவில் வைத்துப் பாதுகாப்பார்கள்.

தெரிந்துதான் இருந்தது. அப்போது பார்த்துக் கோதண்டராமன் வாசலில் நின்று, "டீச்சர், கூழு காயறதுக்கே அஞ்சு நாளாகும், இன்னைக்குப் பூசலைன்னா கண்காட்சி போச்சு" என்றார். மெஹ்ருன்னிசா தாளை ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். வேண்டாததாக இருக்கும், வேண்டுமென்றால் பையில் போட்டு அனுப்புவார்களா என்று நினைத்தாள். அப்படி நினைக்க வசதியாக இருந்தது. கசக்கி இடுக்கில் தள்ளினாள். இரண்டு விரலால் ஆழமாகவே தள்ளினாள். அதன்மேல் கூழ் விழுந்தது.

மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு. பார்க்க வந்தவர்களுக்குக் கவிநிலாதான் விளக்கம் சொன்னாள். எந்தக் கேள்விக்கும் தயங்கவில்லை. "கரையாம மிஞ்சினதுதான் சார் இது" என்று அவள் சொன்னபோது நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் மலையைப் பார்த்தார். ஜனவரியில் சேலத்தில் மாநிலக் கண்காட்சி. பேப்பரில் நாலு வரி வந்தது. கோதண்டராமன் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை துவைக்கப் போனபோது வேறு சட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

பரிசு வாங்கின பத்தாம் நாள் கன்னியம்மாள் வந்தாள்.

"டீச்சர், பொண்ணு மஞ்சப் பை ஒண்ணு எடுத்தாந்தாளாமே. அதுல ஒரு சீட்டு இருந்துச்சுங்க. மழையில பொட்டியெல்லாம் ஒழுவுதுன்னு நான்தான் அதுல சொருவி ஆணியில மாட்டி வெச்சேன். இவளுக்குத் தெரியாது. இப்ப பட்டா தராங்களாம். அடுத்த மாசம் விசாரணை. பத்து வருசத்துக்கு மேல இருந்ததுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. என்கிட்ட இருக்கறது அந்த ஒண்ணுதான். எங்க கீதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

கவிநிலா அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய இடது முழங்கைக்கு மேலே துடைப்பக்கட்டையின் அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது. மெஹ்ருன்னிசா அதைப் பார்த்தாள். அறையின் கதவு வழியாக உள்ளே மேஜைமேல் இருந்த மலையையும் பார்த்தாள். அதை அறுத்தால் சேலம் இல்லை. அவ்வளவுதான் அந்த நொடியில் அவள் மனசில் ஓடியது. இதை அலங்கரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"எல்லாம் கூழாயிடுச்சும்மா" என்றாள்.

சொல்லி முடித்ததும் தனக்குத்தானே ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டாள். கண்காட்சி முடிந்து வந்த மறுநாளே அறுத்து எடுத்துக் கொடுத்துவிடுவேன், விசாரணை எப்படியும் தள்ளிப்போகும், அரசாங்க வேலை என்றைக்குச் சொன்ன தேதியில் நடந்திருக்கிறது? தப்பு செய்கிறவர்களுக்கு அரசாங்கத்தின் தாமதத்தில்தான் எவ்வளவு நம்பிக்கை.

ஆனால் மனசு அப்படி அடங்கவில்லை. வகுப்பில் கவிநிலாவின் பக்கம் திரும்பாமல் பாடம் நடத்தப் பழகினாள். மலை இருந்த அறைக்குள் போவதை விட்டுவிட்டாள். வர்ணம் பூசுவது, வார்னிஷ் அடிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விட்டாள். வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சியைப் பார்த்தால் கூழ் ஞாபகம் வந்தது. தொழுகையில் உட்கார்ந்தால் ஊதா முத்திரை ஞாபகம் வந்தது. தன்னிடம் படிக்கிற பெண்ணைத் தன்னால் அடி வாங்கவைத்தோம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எழுந்துபோய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

டிசம்பரில் தீபம் வந்தது. ஊரே பஸ்ஸும் ஜனமுமாக நிறைந்திருந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓர் அகல் விளக்கைக் கொண்டுவந்து காகித மலையின் உச்சியில் வைத்தாள். விளையாட்டுக்குத்தான் வைத்தாள். ஆனால் விளக்கு எரிந்ததும் விளையாட்டு போய்விட்டது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மேஜையைச் சுற்றி வந்தாள். அவள் பின்னால் முப்பது பேர் சுற்றினார்கள். கோதண்டராமன் செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்து மலைக்கு மூன்று கோடு விபூதி பூசி, கற்பூரம் காட்டினார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் வரிசையில் நின்று கும்பிட்டார்கள். அறிவியல் பாடம் மலையேறிப் போய்விட்டது.

மெஹ்ருன்னிசா கதவோரம் நின்று பார்த்தாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு நிம்மதி உண்டானது. இப்போது இதை எப்படி அறுப்பது? விபூதி பூசிக் கும்பிட்ட மலையை, அதுவும் நான் போய்க் கத்தி வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் அய்யூபிடம் முழுவதையும் கொட்டினாள். அவன் பஸ் நிலையத்தருகே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான்.

"நாலு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கோம். என் கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு நெத்தியில விபூதி இருக்கறவங்கதான். ஊர் ஒண்ணும் சொல்லாது" என்றான். தட்டை வழித்துவிட்டு, "மலைய உடைக்க பயமா, பிரைஸ் போயிடும்னு பயமா? அத மட்டும் நீ உனக்குள்ள தெளிவா சொல்லிக்கோ" என்றான்.

அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

விசாரணை தள்ளிப்போகவில்லை. தீபம் முடிந்து இரண்டாவது திங்கட்கிழமை என்று சொன்ன தேதியில் சொன்னபடி வந்து நின்றது. மெஹ்ருன்னிசா அரை நாள் லீவு போட்டுவிட்டு, தானே எழுதிக் கோதண்டராமனிடம் கையெழுத்து வாங்கிய சான்றிதழ் ஒன்றோடு தாலுகா ஆபீசுக்குப் போனாள். இந்த மாணவி இந்த முகவரியிலிருந்து முதல் வகுப்பு முதல் எங்கள் பள்ளியில் படித்து வருகிறாள் என்று எழுதியிருந்தது. பெரிய உதவி செய்வதாக நினைத்துத்தான் போனாள். அவளைப் பார்த்ததும் கன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்களுக்காக லீவு போட்டுட்டு வந்திருக்கீங்களே டீச்சர். பெத்தவன் பெங்களூர்ல கெடக்கறான், வரலை. நீங்க வந்திருக்கீங்க."

மெஹ்ருன்னிசா தன் செருப்பைப் பார்த்தாள்.

எழுத்தர் சான்றிதழைப் படித்தார். விரல்விட்டு எண்ணினார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை.

"தொண்ணூறுல சேர்ந்திருக்கா. ஏழு வருசம்தான் ஆவுது. பத்து காட்டணும்மா. பழைய ரசீது, வரி கட்டினது, ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக்கூடப் போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க. அஞ்சு மணிக்கு லிஸ்ட மேல அனுப்பிடுவேன். அப்புறம் என் கையில இல்ல."

"இல்லிங்களே. இருந்தது ஒண்ணு. கூழாயிடுச்சு" என்றாள் கன்னியம்மாள்.

தான் சொன்ன பொய்யை இன்னொருத்தி வாயால், அதுவும் நிஜமென்று நம்பிச் சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என்று மெஹ்ருன்னிசாவுக்கு அன்றுதான் தெரிந்தது. காது சுட்டது. "இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். மணி இரண்டரை. கைவேலை அலமாரியிலிருந்து இரும்பு அறுக்கும் பிளேடை எடுத்துக்கொண்டு மலைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அதைக் கிட்டத்தில் நின்று பார்க்கிறாள். விபூதிக் கோடுகள் அப்படியே இருந்தன. உச்சியில் எண்ணெய்க் கறை. செங்கம் ரோட்டுப் பக்கம், கீழிருந்து ஐந்தாவது அட்டை. அங்கேதான் தள்ளினோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. பிளேடை வைத்து இழுத்தாள்.

கூழ் நிஜமாகவே கல்லாகியிருந்தது. ஒரு சாண் நீளம் அறுப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சத்தம் கேட்டுக் கோதண்டராமன் ஓடிவந்தார்.

"டீச்சர், இன்னா பண்றீங்க? சேலத்துக்கு வண்டி பேசியாச்சு."

"உள்ள ஒரு ரசீது இருக்கு சார். கவிநிலா ஊட்டுது. பட்டாவுக்கு அதுதான் அத்தாட்சி. அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "தெரிஞ்சேதான் சார் உள்ள வெச்சேன். அவங்க கேட்டு வந்தப்பவும் தெரிஞ்சேதான் இல்லைன்னேன்."

கோதண்டராமன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அந்த நாலு வரி இருந்த பையை. அவர் கத்துவார் என்று மெஹ்ருன்னிசா காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போனார்.

"அடிய நான் புடிச்சுக்கறேன், ஆடுது. நீங்க அறுங்க. முன்னாடியே சொல்லியிருந்தா கேட்டு வந்த அன்னைக்கே அறுத்திருக்கலாமேம்மா."

ஊர், விபூதி, மதம் என்று அவள் அடுக்கி வைத்திருந்த சாக்குகள் அத்தனையும் அந்த ஒரு பேச்சில் கீழே விழுந்தன. யாரும் தடுக்கவில்லை. யாரும் தடுத்திருக்கப் போவதும் இல்லை. அவள்தான், அவள் மட்டும்தான்.

ஐந்தாவது அட்டைக்குக் கீழே ரசீது இல்லை. நாலாவதைப் பிளந்தாள், அங்கேயும் இல்லை. கணக்கு நோட்டுத் தாள், சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுவதும் குடைந்தாயிற்று. தரையெல்லாம் காகிதம். மணி மூன்றே முக்கால். ஒரு மாதம் பார்க்காமல் தவிர்த்துத் தவிர்த்து இடமே மறந்துபோயிருந்தது.

"அந்தப் பக்கம் இல்ல டீச்சர்."

கதவருகில் கவிநிலா நின்றிருந்தாள். தேர்வு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தாலுகா ஆபீசில் என்ன ஆனது என்று கேட்பதற்காக டீச்சருக்குக் காத்திருந்தவள். உள்ளே வந்து மலையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனாள். குனிந்து, ஒரு இடத்தில் சுட்டுவிரலை வைத்தாள்.

"இங்க. மூணாவது அட்டைக்குக் கீழ. ரெண்டு தீப்பெட்டிக்கு நடுவுல."

மெஹ்ருன்னிசா அறுத்தாள். இரண்டு தீப்பெட்டிக்கு நடுவில் சாணித்தாள் நிறத்தில் ஒரு உருண்டை இருந்தது. பிரித்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் கூழ் பட்டு ஒட்டியிருந்தது. ஊதா முத்திரை, வருஷம், பெயர் எல்லாம் கொஞ்சமும் அழியாமல் இருந்தன.

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதான நின்னேன் டீச்சர். நீங்க படிச்சுப் பாத்துட்டு உள்ள தள்னீங்க."

"அப்புறம் ஏன்டி அம்மாகிட்ட சொல்லலை? அன்னைக்கு வராந்தாவுலகூட நின்னியே."

கவிநிலா நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற முகமே இல்லை அவளிடம். தேர்வில் விட்டுப்போன ஒரு கேள்விக்குக் காரணம் சொல்கிற முகம்தான்.

"கூழாயிடுச்சுன்னு நீங்க சொன்னீங்களே டீச்சர். அப்ப நான்தான் தப்பா பாத்திருப்பேன்னு இருந்துட்டேன்."

யார் சொன்னாலும் நம்பாதே, கண்ணால் பார்த்து நம்பு என்று வருஷா வருஷம் சொன்ன வாக்கியம் மெஹ்ருன்னிசாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்ததை, டீச்சர் சொன்ன இரண்டு வார்த்தைக்காக இல்லை என்று ஆக்கிக்கொண்டிருக்கிறாள். அடியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். கோதண்டராமன் மலையின் அடியைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரே போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். தாலுகா ஆபீசுக்கு மெஹ்ருன்னிசாவும் கவிநிலாவும் போய்ச் சேர்ந்தபோது நாலரை. கன்னியம்மாள் வேப்பமரத்தடியில் இருந்த இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். எழுத்தர் ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணைக் குறித்துக்கொண்டார். "இது போதும்மா. பேரு சேர்த்துட்டேன்" என்றார்.

கன்னியம்மாள் ஓடிவந்து மெஹ்ருன்னிசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கொப்பளித்த கையைப் பார்த்துப் பதறினாள்.

"எனக்காக மலையவே அறுத்தீங்களா டீச்சர். பரிசு வாங்கின மலையாச்சே. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

இப்படியே விட்டிருக்கலாம். கோதண்டராமன் வெளியே சொல்ல மாட்டார். கவிநிலா சொல்லவே மாட்டாள், அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது. நன்றியை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். மெஹ்ருன்னிசா ஒரு கணம் அதையும் நினைத்தாள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"கண்டுபிடிக்கலைம்மா. எனக்கு முன்னாடியே தெரியும். உள்ள தள்ளினதே நான்தான். நீங்க வந்து கேட்ட அன்னைக்கும் எனக்குத் தெரியும். பரிசுக்காகப் பொய் சொன்னேன்."

கன்னியம்மாளுக்கு அது உள்ளே போக நேரமாயிற்று. டீச்சரைப் பார்த்தாள். அவள் திட்டுவாள், திட்டட்டும் என்று மெஹ்ருன்னிசா நின்றாள். ஆனால் கன்னியம்மாளின் பார்வை அவள்மேல் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற மகளிடம் போயிற்று. மகளின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, முழங்கைக்கு மேலே திருப்பிப் பார்த்தாள். நீலம் எப்போதோ மறைந்துபோயிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. இல்லாத அந்த இடத்தைக் கன்னியம்மாள் கட்டைவிரலால் தடவினாள்.

"இவள நான் அடிச்சேனே டீச்சர்" என்றாள்.

உள்ளேயிருந்து எழுத்தர் கைநாட்டு வைக்கக் கூப்பிட்டார். அவள் மகளின் கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.